கூடலூரில் ஜெயித்தவர் குன்னூருக்கு ஏன் வந்தார்?

என் அக்கா மகள் குரூப்-2 தேர்வுக்குப் படிக்கிறாள். கோத்தகிரியில் எங்கள் வீட்டு அடுப்படிதான் அவளுக்குப் படிப்பறை. மற்ற இடமெல்லாம் குளிர். நீலகிரி மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்களை நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"சித்தி, இதுல ஏதோ தப்பு இருக்கு. 2006-ல கூடலூர்னு போட்டிருக்கு, 2011-ல குன்னூர்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒரே ராமச்சந்திரனா, வேற வேற ஆளா?"

ஒரே ஆள்தான். தி.மு.க.வின் கா.ராமச்சந்திரன். 2006-ல் கூடலூரில் ஜெயித்தார். 2011-ல் குன்னூரில் ஜெயித்தார். 2021-ல் மறுபடியும் குன்னூர். மூன்று முறை சட்டமன்றம், அதில் இரண்டு முறை அமைச்சர், பிறகு அரசு தலைமைக் கொறடா. பட்டியலாக எழுதினால் நான்கு வரிதான். ஆனால் கூடலூரில் ஜெயித்த ஒருவர் அதே கூடலூரில் மறுபடி நிற்காமல் ஏன் எழுபது கிலோமீட்டர் தள்ளி வந்தார் என்று கேட்டால், பதில் கட்சிக்குள் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. மலையின் தேர்தல் கணக்கைப் படிக்கிற பலரும் ஆளைப் பார்க்கிறார்கள், கட்சியைப் பார்க்கிறார்கள், எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை. அதைத்தான் அவளுக்கு அன்று ராத்திரி சொன்னேன். கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நீலகிரிக்கு மூன்று சட்டமன்றத் தொகுதிகள்: உதகமண்டலம், கூடலூர், குன்னூர். 2006 தேர்தல் வரை இதில் குன்னூர்தான் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. கூடலூர் பொதுத்தொகுதி. 2008-ல் தொகுதி எல்லைகளைத் திருத்தி வரையும் மறுசீரமைப்பு வந்தபோது இது அப்படியே தலைகீழானது. கூடலூர் தனித்தொகுதி ஆனது, குன்னூர் பொதுத்தொகுதி ஆனது. கூடலூரில் அமைச்சராகவே இருந்த உறுப்பினருக்கு அடுத்த தேர்தலில் அங்கே மனு போடவே தகுதி இல்லை. அவர் செய்த வேலைக்கோ செய்யாத வேலைக்கோ இதில் சம்பந்தம் கிடையாது.

ஏன் கூடலூர்? மாவட்டத்துக்கு இத்தனை தனித்தொகுதி என்று பிரித்த பிறகு, பட்டியல் சாதியினரின் விகிதம் கூடுதலாக உள்ள பகுதிக்கு அதை ஒதுக்க வேண்டும் என்பது விதி. 2008-ல் அதற்கு எடுத்துக்கொண்டது 2001 மக்கள்தொகைக் கணக்கு. நீலகிரியில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மாநில சராசரியைவிட மிக அதிகம். கூடலூர், பந்தலூர் பக்கம் இதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு உண்டு. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் வனத்துறை தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுவே பிறகு தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், ஊர் வழக்கில் டான்டீ. கப்பல் ஏறி வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கூடலூரின் பெரிய வாக்காளர் கூட்டம். ஓர் ஒப்பந்தம் நாற்பது வருடம் கழித்து ஒரு தொகுதியின் வகையையே மாற்றுவதில் பங்கெடுத்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இதே 2008 வரைபடம் இன்னும் இரண்டு பேரின் பாதையைத் திருப்பிவிட்டது. நீலகிரி மக்களவைத் தொகுதியும் அப்போதுதான் தனித்தொகுதி ஆனது. 2004-ல் இங்கே ஜெயித்திருந்த காங்கிரஸின் ஆர்.பிரபு 2009-ல் கோயம்புத்தூருக்குப் போய் நின்றார், மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர்.நடராஜனிடம் தோற்றார். எதிர்த்திசையில், அதுவரை தனித்தொகுதியாக இருந்த பெரம்பலூர் பொதுத்தொகுதி ஆனதால் தி.மு.க.வின் ஆ.ராசா மலையேறி வந்தார். 2009-ல் ஜெயித்தார், 2014-ல் அ.தி.மு.க.வின் கோபாலகிருஷ்ணனிடம் தோற்றார், 2019, 2024 இரண்டிலும் ஜெயித்தார். பிரபு போனதும் ராசா வந்ததும் ராமச்சந்திரன் குன்னூருக்கு நகர்ந்ததும் ஒரே கோட்டின் வேலை.

சரி, தொகுதி மாறினால் என்ன, இரண்டும் ஒரே மாவட்டம்தானே என்று கீழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் தோன்றும். இல்லை. கூடலூர் முதுமலைக்கும் வயநாட்டுக்கும் நடுவே கிடக்கிறது. கடைவீதியில் பாதிப் பேச்சு மலையாளம். அங்கே முதல் பிரச்சினை நிலம். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலங்களை, அதாவது பரம்பரை உரிமை நிலங்களை, அரசு எடுக்கும் சட்டம் 1969-ல் வந்தது. சுமார் 80,000 ஏக்கர் அதில் வருகிறது. அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலத்தில் குடியிருப்பவர்கள் பட்டாவுக்கும் கரண்ட் கனெக்‌ஷனுக்கும் தலைமுறையாக அலைகிறார்கள். கூடலூரில் 'செக்சன் செவன்டீன்' என்று சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அப்புறம் யானை, புலி. பழங்குடிகளான பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளின் கஷ்டம் தனி.

குன்னூர் தொகுதியில் கதையே வேறு. கோத்தகிரி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டன் ராணுவப் பகுதி, குன்னூர் டவுன், இடையிடையே படுகர் சமூகத்தின் ஊர்களான ஹட்டிகள். இங்கே முதல் பிரச்சினை பச்சைத் தேயிலை விலை. இரண்டாவதும் அதுதான். கூடலூரில் ஐந்து வருடம் பட்டா மனு வாங்கிப் பழகியவர் இங்கே வந்தால் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். ராமச்சந்திரன் படுகர் சமூகத்தைச் சேர்ந்தவர். அதனால் அவருக்குக் குன்னூர் முழுக்க அந்நியமாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

தேர்தல் கணக்குக்கு வருகிறேன். 2001-ல் கூடலூர் அ.தி.மு.க.வின் மில்லரிடம் இருந்தது. 2006-ல் ராமச்சந்திரன் அதை தி.மு.க.வுக்குத் திருப்பினார். அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்குத் தனியாக 96 இடம்தான். கூட்டணிக் கட்சிகளின் ஆதரவில் கருணாநிதி ஆட்சி அமைத்தார். அந்த அமைச்சரவையில் கதர்த் துறை ராமச்சந்திரனுக்குக் கிடைத்தது. முதல் முறை உள்ளே போன மலை உறுப்பினருக்கு அமைச்சர் பதவி என்பது பெரிய விஷயம். ஆனால் கதர் என்பது மலையின் எந்தப் பிரச்சினையையும் நேரடியாகத் தொடாத துறை.

2011 தேர்தல்தான் அவர் கணக்கிலேயே கவனிக்க வேண்டிய தேர்தல் என்று நான் நினைக்கிறேன். அந்த ஆண்டு அ.தி.மு.க. கூட்டணி 203 இடம் பிடித்தது. தி.மு.க. மாநிலம் முழுக்க 23-ல் சுருங்கியது. அந்த 23-ல் இரண்டு நீலகிரி கொடுத்தது: குன்னூரில் ராமச்சந்திரன், கூடலூரில் திராவிடமணி. குன்னூரில் எதிரே நின்றது அ.தி.மு.க. அணியில் இருந்த இந்திய கம்யூனிஸ்ட் கட்சி. அலை அடித்த வருடத்தில், புதுத் தொகுதியில், ஆட்சியை இழந்த கட்சியின் சின்னத்தில் ஜெயிப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் உள்ளே போய் என்ன செய்ய முடிந்தது? தே.மு.தி.க.வுக்கு 29 இடம் கிடைத்ததால் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். தி.மு.க. எதிர்க்கட்சி வரிசையிலேயே இரண்டாவது. முந்தைய நாள் வரை அமைச்சராக இருந்தவர் அந்த இடத்தில்தான் உட்கார்ந்தார்.

அப்படிப்பட்ட உறுப்பினரின் கையில் மிஞ்சுவது தொகுதி மேம்பாட்டு நிதிதான். இப்போது அது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் அளவில் இருக்கிறது. சமவெளியில் அந்தப் பணத்தில் போடும் சாலை நீளத்தை மலையில் போட முடியாது. சாலைக்கு முன்னால் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஊருக்கு மேலே கட்டிய சுவர் அடுத்த மழைக்காலத்தில் வீட்டுக் கூரைமேல் வந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். செங்கல்லும் மண்ணும் தேயிலைச் செடியும் சேர்ந்த குவியலுக்கு நடுவே ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும் உடையாமல் நின்று சொட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் அதே இடத்தில் அதே நிதியில் சுவர். மலை உறுப்பினர் 'என்ன செய்தார்' என்று கணக்குப் பார்க்கும்போது இந்த இரட்டைச் செலவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2016-ல் குன்னூர் சீட் பி.எம்.முபாரக்குக்குப் போனது. அவரும் 1996-ல் கூடலூரில் ஜெயித்தவர்தான். கூடலூர் பழைய பொதுத்தொகுதியின் ஆட்களுக்கு 2008-க்குப் பிறகு குன்னூர்தான் கதவு என்பதற்கு இன்னொரு சாட்சி. அந்த முறை அ.தி.மு.க.வின் சாந்தி ராமு ஜெயித்தார்.

2021-ல் ராமச்சந்திரன் திரும்பி வந்தார். அ.தி.மு.க.வின் கப்பச்சி வினோத்தை 4,105 ஓட்டில் தோற்கடித்தார். அதே தேர்தலில் உதகையில் காங்கிரஸின் ஆர்.கணேஷ் பா.ஜ.க.வின் போஜராஜனைவிட 5,348 ஓட்டு அதிகம் வாங்கினார். கூடலூரில் அ.தி.மு.க.வின் பொன்.ஜெயசீலன் தி.மு.க.வின் காசிலிங்கத்தை 1,945 ஓட்டில் முந்தினார். மூன்று வித்தியாசத்தையும் கூட்டிப் பாருங்கள், 11,398. ஒரு மாவட்டம் முழுக்க இவ்வளவுதான் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவில் இருந்தது. சில ஹட்டிகளும் ஓரிரு எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டு வரிசைகளும் மனம் மாறினால் முடிவு மாறிவிடும். இங்கே எவருக்கும் கோட்டை கிடையாது. ஒரே கட்சி அலையாக அடிக்கும் வருடத்திலும் மலை தன் கணக்கைத் தனியாகத்தான் போடுகிறது. 2011-லும் அப்படித்தான், 2021-ல் கூடலூரிலும் அப்படித்தான்.

2021 மே மாதம் பதவியேற்ற அமைச்சரவையில் அவருக்கு வனத்துறை கொடுத்தார்கள். முதல் முறை கதர். இந்த முறை தன் வாக்காளர் வீட்டு வாசலில் நிற்கும் துறை. காட்டெருமை தேயிலைக்குள் நிற்பதும் கரடி ரேஷன் கடைக் கதவை உடைப்பதும் எங்களுக்குச் செய்தியே இல்லை, அன்றாடம். பதவியேற்ற சில மாதங்களில் கூடலூர், மசினகுடி பக்கம் டி-23 என்ற புலியைத் தேடும் வேலை தொடங்கியது. மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15-ஆம் தேதி உயிரோடு பிடித்தார்கள். புலியைக் கொல் என்று ஒரு பக்கம், கொல்லாதே என்று இன்னொரு பக்கம். நடுவில் வனத்துறை அமைச்சர், அதுவும் அதே மாவட்டத்துக்காரர்.

அதைவிடப் பெரிய சிக்கல் 2022-ல் வந்தது. டான்டீ நஷ்டத்தில் ஓடுகிறது என்று சொல்லி, சுமார் 2,152 ஹெக்டேர் தோட்ட நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு உத்தரவிட்டது. டான்டீ இருப்பது வனத்துறையின் கீழ். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே துறை. நடுவில் இருப்பது தொழிலாளி. தோட்டம் போனால் வேலை போகும், வேலை போனால் லைன் வீடும் போகும். அக்கரையில் ஒருமுறை வேரோடு பிடுங்கப்பட்ட குடும்பங்கள் இவை. காடு திரும்ப வளர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மலை பிழைத்தால்தான் நாங்கள் பிழைப்போம். ஆனால் அந்த மக்களுக்கு வீட்டுக்கும் வேலைக்கும் முதலில் வழி சொல்லிவிட்டு நிலத்தைப் பேசியிருக்க வேண்டும். போராட்டங்கள் நடந்தன. அந்த டிசம்பரில் அமைச்சரவை மாற்றத்தில் ராமச்சந்திரன் சுற்றுலாத் துறைக்கு மாற்றப்பட்டார், சுற்றுலா வைத்திருந்த மதிவேந்தன் வனத்துறைக்கு வந்தார். இரண்டுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் கிடையாது, போடவும் மாட்டேன். தேதிகளை அடுத்தடுத்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

சுற்றுலாவும் சும்மா இருக்கவில்லை. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்றது. மே 7-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. லாட்ஜ்காரர், டாக்ஸிக்காரர், சாக்லேட் கடைக்காரர் எல்லாரும் கொதித்தார்கள். நெரிசலில் ஆம்புலன்ஸ் நகராமல் தவித்ததைப் பார்த்த உள்ளூர்க்காரர்கள் பலர் வாய்க்குள்ளேயே சந்தோஷப்பட்டார்கள். உத்தரவு நீதிமன்றத்துடையது. ஆனால் சீசன் நேரத்தில் கடையில் வியாபாரம் குறைந்தவன் நீதிமன்றத்துக்கு ஓட்டுப் போடுவதில்லையே. காடு, சுற்றுலா என்று இந்த மலையில் மனிதனும் மண்ணும் மோதும் இரண்டு துறையும் மலைக்காரரிடமே அடுத்தடுத்து வந்தன. வெளியூர்க்காரர் ஒருவர் அமைச்சராக இருந்திருந்தால் உள்ளூர் உறுப்பினர் கூட்டத்தோடு நின்று அரசிடம் கேட்கலாம். அமைச்சரே உள்ளூர் உறுப்பினராக இருந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை.

2024 செப்டம்பர் கடைசியில் அமைச்சரவையிலிருந்து விடுவிக்கப்பட்டு, அரசு தலைமைக் கொறடா ஆனார். அதுவரை கொறடாவாக இருந்த கோவி.செழியன் உயர்கல்வி அமைச்சர் ஆனார். கொறடா என்றால் சாட்டை. தன் கட்சி உறுப்பினர்களை அவைக்கு வரவைப்பது, வாக்கெடுப்பில் கட்சி சொன்னபடி நிற்கவைப்பது, யார் எப்போது பேசுவது என்று ஒழுங்குபடுத்துவது. அவையில் நல்ல பெரும்பான்மை உள்ளபோது இந்தப் பதவி வெளியில் தெரியாது. இழுபறி வந்தால்தான் தெரியும். 2017-ல் அ.தி.மு.க.வின் 18 உறுப்பினர்கள் மீது அன்றைய அரசு கொறடா ராஜேந்திரன் புகார் கொடுத்தார். கட்சித்தாவல் தடைச் சட்டத்தின் கீழ் அன்றைய பேரவைத் தலைவர் தனபால் அவர்களைத் தகுதிநீக்கம் செய்தார்.

இவ்வளவு சொன்ன பிறகு அக்கா மகள் கேட்டது சின்னக் கேள்வி. "அப்போ தேயிலைக்கு வெல ஏத்த எந்த எம்.எல்.ஏ.வாலயும் முடியாதா சித்தி?"

அப்பா விட்டுப்போன அரை ஏக்கரில் இலை எடுத்து மூட்டை கட்டி சாலையோரம் வைப்போம். வண்டி வரும். தொங்கு தராசில் மூட்டையை மாட்டுவார்கள். மழை நாளாக இருந்தால் முள் நின்ற எண்ணில் தண்ணீருக்கு என்று இரண்டு கிலோ, சில நாள் மூன்று கிலோ கழித்துத்தான் சீட்டில் எழுதுவார்கள். மழை நின்று வெயில் அடித்த நாளிலும் ஒருமுறை கழித்தார்கள். கேட்டதற்கு, காலையில் பனி இருந்தது என்றார்கள். சீட்டில் விலை இருக்காது. மாதம் முடிந்த பிறகுதான் அந்த மாதத்தின் சராசரி விலையைத் தேயிலை வாரியம் சொல்லும். விற்று முடித்தபிறகு விலை தெரியும் பொருள் உலகத்தில் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. வாரியம் மத்திய அரசுடையது, 1953 சட்டத்தின்படி. மாநிலத்தின் கையில் இருப்பது இண்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையமும் அதன் தொழிற்சாலைகளும். 2023 செப்டம்பரில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் நட்டக்கல்லில் சிறு விவசாயிகள் கட்டுப்படியாகும் விலை கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். கேள்வி போக வேண்டிய இடம் டெல்லி. ஆனால் கைக்கு எட்டுகிற ஆள் எம்.எல்.ஏ. தான். குன்னூர் தொகுதியில் யார் ஜெயித்தாலும் தோற்றாலும் அதில் ஒரு பங்கு இந்தத் தராசு முள்ளுக்கு உண்டு.

கடைசியாக, வரைபடத்துக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அது மறுபடியும் வரப்போகிறது. 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வரை தொகுதிகளின் எண்ணிக்கையைத் தொடக்கூடாது என்பது அரசியல் சட்டத் திருத்தம். அந்தக் காலக்கெடு நெருங்கிவிட்டது. நீலகிரியின் மக்கள்தொகை 2001-ல் 7,62,141. 2011-ல் 7,35,394. பத்து வருடத்தில் ஆள் குறைந்திருக்கிறது. பிள்ளைகள் படித்துவிட்டு கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். மாநில மக்கள்தொகையை 234-ஆல் வகுத்தால் 2001-ல் ஒரு தொகுதிக்கு சுமார் 2,67,000 பேர். அந்தக் கணக்கில் நீலகிரிக்கு 2.86 தொகுதி, அதாவது மூன்று சரி. 2011 கணக்கில் ஒரு தொகுதிக்கு சுமார் 3,08,000 பேர். நீலகிரிக்கு 2.39 தான் வருகிறது.

மலை, போக்குவரத்து வசதி, மாவட்ட எல்லை இவற்றையும் பார்க்க வேண்டும் என்று மறுசீரமைப்புச் சட்டத்திலேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மூன்றைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானல் இருக்கிறது. அந்த மலைக்கென்று ஒரு தொகுதி கிடையாது. பழனியோடு சேர்ந்திருக்கிறது. மன்னவனூரில் பூண்டு போடுகிறவரும் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறவரும் ஒரே உறுப்பினரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் மக்களவைத் தொகுதியும் ஏற்கெனவே அப்படித்தான். ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் கீழே.

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாவட்டத்தை வரைந்து, பென்சிலால் இரண்டாகப் பிரித்துப் பார்த்தாள். கூடலூரையும் உதகையையும் ஒன்றாக வைத்தால் குன்னூரும் கோத்தகிரியும் மிச்சம். அதற்கு ஆள் போதவில்லை. ரப்பரால் அழித்துவிட்டு, கோத்தகிரியிலிருந்து கீழே இறங்கும் சாலை வழியாக எல்லைக்கோட்டை மேட்டுப்பாளையம் வரைக்கும் இழுத்தாள்.